இலக்கணக் குறிப்புகளை மாணவர்களே ஆன்லைனில் சேர்ந்து எழுதலாமா?

கேட்டவர் தருமபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. கேள்வியின் சுருக்கம் இது: "நாங்கள் ஒன்பது பேர். விடுமுறையில் ஆளுக்கொரு ஊரில் இருப்போம். நன்னூல் தாளுக்கும் குரூப் 4 தேர்வுக்கும் உதவுகிற மாதிரி, ஆன்லைனில் சேர்ந்து நாங்களே இலக்கணக் குறிப்புகள் தயாரிக்க நினைக்கிறோம். தெரியாதவர்கள் சேர்ந்து எழுதினால் தப்புதான் பெருகும், கடையில் நல்ல கைடு வாங்கிப் படி என்கிறார் அண்ணன். யார் சொல்வது சரி? தொடங்குவதானால் எப்படித் தொடங்குவது?"

அண்ணன் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், தயங்காமல் தொடங்குங்கள் என்று சொல்லிவிடுகிறேன். நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் தமிழாசிரியராக இருப்பவன். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியதிலிருந்து, இப்படிச் சேர்ந்து எழுதும் பிள்ளைகளோடு கூடவே இருந்து பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நன்னூல் படிக்கிறீர்கள், அதனால் அதிலிருந்தே தொடங்குவோம். கங்கர் குலத்துச் சீயகங்கன் கேட்டுக்கொள்ள, 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த இலக்கண நூல். அதன் முன்னுரைப் பகுதியான பொதுப்பாயிரத்தில் மாணவர் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. எழுத்தியலுக்குப் போகிற அவசரத்தில் பலரும் அதைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆசிரியர் சொன்னதை முழுக் கவனத்தோடு கேட்டு மனத்தில் வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் கைக்கு வரும் என்கிறார் பவணந்தியார். கூடப் படிப்பவர்களோடு பழகிப் பேசும்போது இன்னொரு கால் பங்கு வரும். மிச்சம் இரண்டு கால், அதாவது சரிபாதி, கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துச் சொல்லும்போதுதான் வரும் என்கிறார். எழுநூறு வருடத்துக்கு முன்னால் போட்ட கணக்கு இது. நான் பார்த்தவரையில் இன்றைக்கும் பொருந்துகிறது.

கடையில் வாங்கும் கைடு அந்த முதல் கால் பங்கோடு நின்றுவிடும். நீங்கள் எழுதப்போகும் குறிப்பு கைடைவிட நன்றாக வரவேண்டும் என்று கவலைப்படாதீர்கள். முதல் வருடம் அப்படி வராது. எழுதுகிற வேலைதான் உங்களுக்குப் படிப்பு. ஒரு விதியை இன்னொருத்திக்குப் புரியும்படி நான்கு வரியில் எழுத உட்கார்ந்தால், நமக்கு எது புரியவில்லை என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

சரி, அண்ணன் சொன்ன தப்புக்கு வருவோம். பள்ளி மூடியிருந்த அந்த வருடம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் பகுபத உறுப்பிலக்கணம், அதாவது ஒரு சொல்லைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரித்துக் காட்டுவது, சேர்க்கத் தொடங்கினார்கள். நல்ல வேகம். பத்தே நாளில் இருநூறு சொற்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. நான் பார்த்தபோது 'கண்டான்' என்ற சொல்லுக்குப் பகுதி 'கண்' என்று இருந்தது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். அச்சடித்த கைடு ஒன்றிலிருந்து! ஒருவன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறான். இன்னொருத்தி அதைத் தட்டச்சு செய்திருக்கிறாள். மூன்றாவது ஆள் பக்கத்து ஊர்ப் பள்ளியின் குழுவுக்கும் அனுப்பிவிட்டான். நான்கு நாளில் மூன்று பள்ளிப் பிள்ளைகளின் நோட்டில் அந்தப் பிழை ஏறிவிட்டது.

அதில் நான் கண்டது இதுதான்: அவர்களில் யாருமே எதையும் எழுதவில்லை, எல்லோரும் நகல்தான் எடுத்திருந்தார்கள். பிழை கைடிலேயே இருந்தது. அதைச் சுமந்துபோகும் வேலையை மட்டும் குழு செய்தது. அதைத் திருத்தியதும் குழுவில் இருந்த ஒரு பெண்தான். "பகுதி ஏவலாகத்தானே சார் வரும்? 'நீ கண்' என்று யாராவது சொல்வார்களா? 'நீ காண்' என்றுதானே வரும்?" என்று கேட்டாள். காண் என்பது பகுதி. அது கண் எனக் குறுகியது விகாரம். ட் இறந்தகால இடைநிலை. ஆன் ஆண்பால் வினைமுற்று விகுதி. அன்றிலிருந்து அந்தக் குழுவில் ஒரு சோதனை வழக்கமாகிவிட்டது: வினைச்சொல்லாக இருந்தால் முன்னால் 'நீ' போட்டு ஏவிப் பார். நீ வா, வந்தான். நீ நில், நின்றான். நீ கல், கற்றான். ஒரு மாதம் கழித்து இன்னொரு பையன், 'ஊரன்' போன்ற பெயர்ப் பகுபதத்துக்கு இந்தச் சோதனை உதவாது என்று கீழே ஒரு வரி சேர்த்தான். எந்தக் கைடிலும் இப்படி ஒரு குறிப்பை நான் பார்த்ததில்லை. ஒருத்திக்கு வந்த சந்தேகத்திலிருந்து அது பிறந்தது.

அதனால் நான் சொல்லும் முதல் யோசனை: நன்னூலைப் பங்கு போட்டுக்கொள்ளாதீர்கள். "நீ எழுத்தியல், நான் பதவியல், அவள் உயிரீற்றுப் புணரியல்" என்று பிரித்தால், ஒவ்வொருவரும் தன் பங்கைச் சுருக்கி எழுதி ஒப்படைப்பீர்கள். ஒன்பது சுருக்கங்கள் கிடைக்கும். தன் பகுதி மட்டும் ஒருவருக்குத் தெரியும், மற்ற எட்டும் அவருக்கு இன்னொரு கைடு. பெரும்பாலான குழுக்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. இரண்டே மாதத்தில் சத்தமில்லாமல் நின்றுபோவதும் இதனால்தான்.

பிழையிலிருந்து தொடங்குங்கள். கூகுள் ஷீட்டில் ஒரு பிழைப் பேரேடு போடுங்கள். தவறாக எழுதியது, திருத்தம், ஏன் என்பதற்கான விதி, எங்கே பார்த்தோம், யார் சரிபார்த்தது என்று ஐந்து பத்திகள் போதும். வாரத்துக்கு ஆளுக்கு இரண்டு பிழை. அதில் ஒன்றாவது தானே எழுதிய பிழையாக இருக்கவேண்டும், அடுத்தவரிடம் கண்டுபிடித்தது வேண்டாம். இதைக் கட்டாயமாக்குங்கள். முதல் இரண்டு வாரம் கூச்சமாக இருக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு தங்கள் தப்பைக் கொண்டுவருவதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது பிழைக்கு ஊருக்குள் போங்கள். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர்ப் பக்கம் மாம்பழத்திலிருந்து கூழ் எடுக்கும் தொழிற்சாலைகள் நிறைய உண்டு. 'மாங்கூழ் தொழில்சாலை' என்று எழுதிய ஒரு பலகையை ஒரு பையன் படம் எடுத்துப் போட்டான். எங்கள் குழுவுக்கு ஒரு வாரப் பாடமே அதிலிருந்து கிடைத்தது. திருத்தமாக எழுதினால் மாங்கூழ்த் தொழிற்சாலை. இந்த ஒரு தொடருக்குள் மூன்று புணர்ச்சி இருக்கிறது.

மா, கூழ் இரண்டும் சேரும்போது நடுவில் ங் வருகிறது. மா என்பது மரப்பெயர். மரப்பெயருக்குப் பின் வல்லினம் வந்தால் சில இடங்களில் அதற்கு இனமான மெல்லினம் தோன்றும். பிள்ளைகள் தங்கள் தோப்பிலிருந்தே உதாரணம் கொண்டுவந்தார்கள்: மாங்காய், மாஞ்சாறு, மாந்தோப்பு, மாம்பழம். க-வுக்கு ங், ச-வுக்கு ஞ், த-வுக்கு ந், ப-வுக்கு ம். இன எழுத்து வரிசை முழுவதும் ஒரே மரத்தில் கிடைத்துவிட்டது. அடுத்து, கூழ் என்பதில் உள்ள ழகர மெய்க்குப் பின் வேற்றுமையில், அதாவது ஐ, கு, இன் போன்ற உருபு மறைந்து நிற்கும் தொடரில், வல்லினம் மிகும், தமிழ்ப் பள்ளி என்பது போல. எனவே கூழ்த் தொழில். கடைசியாக, தொழில் என்பதன் லகரம் வல்லினத்துக்கு முன்னால் றகரமாகிறது, தொழிற்சாலை.

இங்கே ஒரு பெண் கேட்டாள்: "பலாவும் மரம்தானே? ஏன் பலாம்பழம் இல்லை, பலாப்பழம் என்கிறோம்?" அருமையான கேள்வி. இந்த விதியைச் சொல்லும் நூற்பாவில் நன்னூல் எல்லா மரப்பெயருக்கும் என்று சொல்லவே இல்லை. மெல்லெழுத்து வருவனவும் உண்டு என்றுதான் சொல்கிறது. விளா, விளாங்காய் ஆகிறது. பலா ஆகவில்லை. அந்த ஒற்றை 'உம்'மையின் கனம் பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஷீட்டில் ஆறாவதாக 'விலகி நிற்பவை' என்று ஒரு பத்தி சேர்ந்ததும் அன்றைக்குத்தான்.

அதே மூச்சில் புளி வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரிச் சந்தைகளில் புளி தெரியாதவர் யார்? மரத்தைக் குறிக்கும் புளிக்கு இடையில் அம் என்ற சாரியை வரும் என்று தொல்காப்பியம் தனி நூற்பாவே வைத்திருக்கிறது: புளியம்பழம், புளியங்கொட்டை. சுவையைக் குறிக்கும் புளி வேறு வழியில் போகும்: புளிக்குழம்பு. ஒரே சொல், பொருள் மாறினால் புணர்ச்சியும் மாறுகிறது. கொட்டை எடுக்க உட்காரும் பாட்டி இதை ஒரு நாளும் தப்பாகச் சொல்லமாட்டார். அவர் வாயில் இருக்கும் ஒழுங்கைத்தான் இலக்கணம் எழுதி வைத்திருக்கிறது என்று தெரிந்த பிறகு பிள்ளைகளுக்கு அதன்மேல் இருந்த பயம் போய்விடுகிறது. இதற்காகத்தான் எடுத்துக்காட்டை உங்கள் ஊரிலிருந்து எடுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

இப்போது, சேர்ந்து எழுதுவதில் மிகவும் பயப்படும் இடம்: சண்டை. 'அரசு பள்ளி'யா 'அரசுப் பள்ளி'யா என்று எங்கள் குழுவில் மூன்று நாள் விவாதம் நடந்தது. ஒரு பக்கம் நன்னூலை எடுத்து வந்தார்கள். அரசு என்பது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம், அதாவது குறுகி ஒலிக்கும் கடைசி உகர எழுத்துக்கு முன்னால் உயிர் ஒலியில் முடியும் எழுத்து நிற்கும் சொல். நடுவில் ஒற்று இரட்டிக்காத நெடில்தொடருக்கும் உயிர்த்தொடருக்கும் பின்னால் வேற்றுமையில் வல்லினம் மிகாது என்பது விதி. பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு 'அரசுகட்டிலில் துஞ்சிய' என்று ஒரு பழைய அடைமொழி உண்டே, அதில் ஒற்று இல்லையே என்று சான்றும் காட்டினார்கள். இன்னொரு பக்கம், "இன்றைக்கு இத்தனை பேர் அரசுப் பள்ளி என்று ஒற்றுப் போட்டுத்தானே எழுதுகிறார்கள், அவர்கள் எல்லோரும் தப்பா?" என்றார்கள். ஒருவன் கோபத்தில் எதிர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி எழுதியதை அழித்துவிட்டான். அவள் மறுபடி எழுத, அவன் மறுபடி அழிக்க, மற்றவர்கள் குழுவைவிட்டே போகிற நிலை வந்துவிட்டது.

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு பேரையும் ஒரே பதிவில் இரண்டு வரி எழுதச் சொன்னேன். 'விதி' என்று ஒரு வரி, 'இன்றைய வழக்கு' என்று ஒரு வரி, இரண்டுக்கும் சான்றோடு. கீழே 'தேர்வில் கேட்டால் உங்கள் பாடநூல் எப்படி எழுதுகிறதோ அப்படி எழுதுங்கள்' என்று ஒரு குறிப்பு. அந்த மூன்று நாளில் அவர்கள் படித்ததைப் பாருங்கள். குற்றியலுகரத்தின் ஆறு வகையையும் வகுப்பில் நான் நான்கு தடவை நடத்தியிருப்பேன், நின்றதில்லை. ஆறு, மாடு போன்றவற்றில் மட்டும் ஒற்று இரட்டித்து ஆற்றுப்பாலம், மாட்டுக்கொட்டகை என்று வருவது ஏன் என்று அந்தச் சண்டையின் நடுவில் அவர்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். அதனால் உங்கள் குழுவுக்கு ஒரே ஒரு சட்டம் சொல்கிறேன்: தோற்றுப்போன வாதத்தை அழிக்கக் கூடாது. கீழே தள்ளி வையுங்கள், போதும். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது முதல் இப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஓர் உரையாடல் பக்கம், யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு. சில கட்டுரைகளில் கட்டுரையைவிட உரையாடல் பக்கத்தில் அதிகம் கற்றுக்கொள்ளலாம்.

உங்கள் ஒன்பது பேரில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் இருக்கிறார்களா? ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால் நிச்சயம் இருப்பார்கள். பல இடங்களில் அந்தப் பிள்ளைகளைத் 'தமிழ் வராதவர்கள்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். இலக்கணக் குழுவில் அவர்கள்தான் புதையல். நான்காம் வேற்றுமையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் ஊருக்கு, கன்னடத்தில் ஊரிகெ, தெலுங்கில் ஊரிகி. மூன்றையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் பெயருக்குப் பின்னால் ஒட்டிப் பொருளை மாற்றும் துண்டுதான் உருபு என்பது தானாகத் தெரிகிறது. மனப்பாடம் தேவையில்லை. தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாவதையும் அவர்களே சொல்வார்கள்: பால், ஹாலு, பத்து, ஹத்து, புலி, ஹுலி, பள்ளி, ஹள்ளி.

அந்தக் கடைசிச் சொல் உங்கள் மாவட்டத்துக்கே உரியது. மாரண்டஅள்ளி என்ற பெயரைப் பாருங்கள். ஒரு மாணவி கேட்டாள், "மாரண்ட என்பதற்குப் பின்னால் அள்ளி வந்தால் இரண்டு உயிர் சேர்கிறதே, இரண்டையும் இணைக்க உடம்படுமெய் வந்து மாரண்டவள்ளி என்றுதானே ஆகவேண்டும்?" வீட்டில் கன்னடம் பேசும் பையன் பதில் சொன்னான்: "அது அள்ளி இல்லை, ஹள்ளி. நடுவில் மெய் ஏற்கனவே இருக்கிறது." தமிழில் எழுதும்போது ஹகரம் விழுந்துவிட்டது, அது நின்ற இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. பைசுஅள்ளி என்பதிலும் இதே கதைதான். உடம்படுமெய் எதற்காக வருகிறது என்பதை நான் இவ்வளவு தெளிவாக ஒரு நாளும் நடத்தியதில்லை.

கருவிகளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். பேசுவதற்கு வாட்ஸ்அப், சேர்த்து வைப்பதற்கு ஷீட்டும் கூகுள் டாக்ஸும். வாட்ஸ்அப்பிலேயே எல்லாவற்றையும் வைத்தால் ஒரு வாரத்தில் எல்லாம் மேலே போய்ப் புதைந்துவிடும். டாக்ஸில் நேரடியாகத் திருத்தாமல் பரிந்துரையாகத் திருத்தும் வசதி இருக்கிறது. அதையே பழக்கப்படுத்துங்கள், அழித்த சண்டை வராது. கோப்பு ஒருவர் கணக்கில் மட்டும் இருக்கும்படி விடாதீர்கள். எங்கள் குழுவில் ஒரு பையன் கணக்கை மூடியபோது அரை வருட உழைப்பு அதோடு போய்விட்டது. மாதம் ஒரு முறை இன்னொருவர் ஒரு பிரதி இறக்கி வைத்துக்கொள்ளட்டும். வத்தல்மலை, சித்தேரி மாதிரி மலைப்பக்கம் வீடு இருப்பவர்கள் குரல்பதிவாக அனுப்பினாலும் சரி, கீழே இருப்பவர் யாராவது தட்டச்சு செய்து சேர்க்கட்டும்.

தமிழில் அடிப்பதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, எல்லாம் யூனிகோடில் இருக்கவேண்டும். வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பை அப்படியே ஒட்டினால் புரியாத எழுத்தாக வரும், மாற்றி எடுத்துத்தான் சேர்க்கவேண்டும். இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது. எகரமும் தமிழ் எண் ஏழும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். அகரமும் எட்டும், ககரமும் ஒன்றும் அப்படித்தான். போனில் யாராவது எழுத்துக்குப் பதில் எண்ணை அடித்துவிட்டால் பார்ப்பவருக்குத் தெரியாது, தேடினால் மட்டும் அந்தச் சொல் கிடைக்காது. ஊர்ப்பெயரிலும் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் தர்மபுரி என்றும் பாதிப் பேர் தருமபுரி என்றும் எழுதினால் தேடலில் பாதிதான் வரும். தனிக்குறிலை அடுத்து ரகரமும் ழகரமும் மெய்யாக நிற்காது என்ற விதியால்தான் தருமபுரி என்று எழுதுகிறோம். இதையே உங்கள் முதல் பதிவாகப் போடலாமே!

குறிப்பு எழுதியதோடு நிற்காமல் கேள்வியும் எழுதுங்கள். கூகுள் ஃபார்ம்ஸில் வினாத்தாள் அமைத்தால், தவறான விடைக்கு ஏன் தவறு என்ற விளக்கத்தையும் சேர்க்கமுடியும். அந்த விளக்கம்தான் முக்கியம். நல்ல தவறான விடை மூன்றை யோசிப்பது சரியான விடை எழுதுவதைவிடக் கடினம். அதற்குப் பிறர் எங்கே சறுக்குவார்கள் என்று தெரிந்திருக்கவேண்டும். உங்கள் பிழைப் பேரேடு அங்கே கைகொடுக்கும். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் மாணவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். தேர்வுக்கு முந்தின இரவு படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பது இதனால்தான். குரூப் 4-இல் தமிழ்ப் பகுதி 100 கேள்வி, 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். வாரம் ஒரு பத்துக் கேள்வி, ஆளுக்கு ஒரு வாரம் என்று முறைபோட்டால் ஒன்பது வாரத்துக்குத் தொண்ணூறு கேள்வி உங்கள் கையில்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டு ஒட்டலாமா என்று யாராவது கேட்பார்கள். புணர்ச்சியும் பகுபதமும் அவை நம்பும்படியான நடையில் தப்பாகச் சொல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வேண்டுமானால் அது தரும் விடையையே பிழைப் பேரேட்டில் போட்டு, எது தப்பு என்று நீங்கள் கண்டுபிடியுங்கள். அந்தப் பயிற்சி நல்லது. மூலத்துக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்துக்கும் போங்கள். நன்னூல் நூற்பாக்களை அங்கே காசில்லாமல் எடுக்கலாம். கைடுகளின் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவது மட்டும் வேண்டாம். விதி எல்லோருக்கும் பொது, ஒருவர் எழுதிய விளக்கம் அவருடையது. உங்கள் சொந்த வாக்கியமும் சொந்த உதாரணமும் இருந்தால், பின்னாளில் விக்கிநூல்கள் போன்ற இடத்தில் எல்லோருக்குமாகத் தயங்காமல் போடலாம்.

வேலை செய்கிறவர்கள் நான்கு பேர், பார்க்கிறவர்கள் ஐந்து பேர் என்று ஆகிவிடும். எல்லாக் குழுவிலும் ஆகும். சண்டை போடாதீர்கள். பார்க்கிற ஐந்து பேருக்கும் சரிபார்க்கும் வேலையைக் கொடுங்கள். பிறர் எழுதியதில் குறை கண்டுபிடிக்க எல்லோருக்கும் கை வரும், அந்த வழியாகவே உள்ளே வருவார்கள். சரிபார்த்தவர் பெயர் இல்லாத பதிவை வெளியே அனுப்பக் கூடாது என்று மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். 'கண்டான்' கதை திரும்ப நடக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தீராமல் நிற்கும் சந்தேகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் பேராசிரியரிடம் போங்கள். இருநூறு பதிவையும் கொடுத்துத் திருத்தச் சொன்னால் அவருக்கு நேரம் இருக்காது. எட்டுக் கேள்வி என்றால் மகிழ்ச்சியாக உட்காருவார்.

இந்த வாரமே தொடங்குவதானால் வல்லினம் மிகும் இடத்தை எடுங்கள். கல்லூரியிலிருந்து பேருந்து நிலையம் வரை நடந்து போங்கள். ஆளுக்குப் பத்துப் பெயர்ப்பலகை. துணிகடை, வாழைபழம், கல்லூரி சாலை என்று கண்ணில் படுவதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் பெயர் படத்தில் வேண்டாம், எழுதியது மட்டும் போதும். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு மணி நேரம் கூகுள் மீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒற்று வருமா, வந்தால் ஏன் என்று ஒருவர் சொல்ல மற்றவர் மறுக்கட்டும். தொண்ணூறு பலகையில் இருபதாவது தேறும். அந்த இருபதையும் ஒரு தாளில் அச்செடுத்து, போன் இல்லாத தோழிகளுக்காக விடுதிச் சுவரில் ஒட்டுங்கள். அப்புறம் ஷீட்டை எனக்கும் திறந்து விடுங்கள், நானும் வந்து பார்க்கிறேன்.